பழுது பார்த்தலும் பற்று நீங்கலும்

பழைய பொருள் ஒன்றைக் கைவிடாது பேணிக் காப்பது பற்றா, பற்றின்மையா? மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாக ஏற்ற இல்லறத்தார் தம்முள் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா இது. வீட்டு வாயிலில் நிற்கும் இருபதாண்டுப் பழைய சிறிய காரை எடுத்துக்கொள்வோம். "இந்தத் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்? விற்றுத் தொலைப்பதே நல்லது" என்பார் ஒருவர். "உள்ளது போதும் என்று அமைவதன்றோ அடக்கம்?" என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் பழையதை விற்றுப் புதியதை வாங்குபவர் பொருளைத் துறந்தவர் ஆகார், மாற்றிக்கொண்டவரே ஆவார். பழையதை வைத்துக்கொண்டதனாலேயே ஒருவர் எளியவர் ஆகிவிடுவதும் இல்லை. விடையை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் எட்டும் பொருளானது மாருதி 800 வந்த பின்னரே. 1983 டிசம்பர் 14 அன்று முதற் கார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட அச்சிறு வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்திருந்தன. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 600 ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இவ்வண்டியை ஓட்டுவோர் உளர். இருவர் சந்தித்தால் பேச்சு தானே பழுதின் பக்கம் திரும்பும்.

பொருளைக் கூடிப் பேணும் வழக்கம் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. நகரத்தாரின் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை உண்டு. முகப்பும் வளவும் அனைவர்க்கும் உரியவை. ஓர் அறையின் மேல் ஓடு உடைந்தால் மழைநீர் அவ்வறையோடு நிற்பதில்லை. அடுத்தவர் உத்தரத்தையும் நனைக்கும். ஆகவே ஒருவர் பழுது பிறர்க்கும் பழுதே என்பதை அவ்வீடுகள் நாளும் உணர்த்தி வருகின்றன. சாலையும் அத்தகைய பொதுவீடுதான். என் காரின் பிரேக் எனக்கு மட்டும் உரியதன்று. எதிரே சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவனுக்கும் உரியது.

துருவை எண்ணிப் பாருங்கள். இரும்பும் நீரும் ஆக்சிஜனும் கூடும்போது நிகழும் மின்வேதி மாற்றமே துரு. வண்டி ஓடினாலும் நின்றாலும் அது ஓய்வதில்லை. இதனை ஆராயும் பெரிய நிலையம் காரைக்குடியிலேயே உள்ளது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே அது. உலோக அரிமானமும் பேட்டரியும் அதன் ஆய்வுத் துறைகளுள் அடங்கும். அறிஞர்கள் ஆய்வகத்தில் காண்பதை வண்டி உடையவர் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாலே காணலாம். மிதியடிக்குக் கீழே தங்கிய ஈரம் தரைத் தகட்டை அரிக்கும். கதவின் அடியிலுள்ள வடிதுளை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே உளுக்கும். கவனியாமை என்பதும் ஒரு செயலே. அதற்கும் பயன் உண்டு.

இவ்வாறு கண்டறிந்தவை பல. செட்டிநாட்டுச் செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி திறந்து பார்க்கவேண்டும். பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரையன்றிக் குழாய் நீரை ஊற்றலாகாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை தாழும். இடைவிடாது பிரேக் அழுத்த நேர்ந்தால் உள்ளே ஆவி உண்டாகிப் பெடல் வெறுமையாய் இறங்கிவிடும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அதற்கென அமையாத பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுக் கசியக்கூடும். எஞ்சினின் பாகங்கள் சில கிடைக்காதபோது, அதே வகை எஞ்சினைக் கொண்ட ஆம்னி வேனின் பாகங்களைத் தேடிப் பார்க்கலாம்.

இவ்வறிவு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அதுவும் ஓர் உடைமையே. பணத்தை மட்டுமன்று, தெரிந்ததையும் பூட்டி வைக்கலாம். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு அறிவையும் தானமாக வைத்தனர் நம் முன்னோர். நூலறிவுக்குச் சொன்ன அந்நெறி கையறிவுக்கும் பொருந்தும். அண்டை வீட்டார் வண்டி நடுவழியில் நிற்காதிருக்க நாம் சொல்லும் ஒரு சொல், ஒரு வேளை உணவுக்குக் குறைந்ததன்று.

ஆனால் இத்தானத்தில் ஓர் இடர் உண்டு. கெட்டுப்போன உணவை ஈதல் தானம் ஆகாதது போல, ஆராயாது சொன்ன வழியும் தானம் ஆகாது. ஹாரன் பற்றிய யோசனை தவறினால் ஒலி எழாது, அவ்வளவே. பிரேக் பற்றிய யோசனை தவறினால் உயிர் போகும். "நான் செய்து பார்த்தேன்" என்பதையும் "யாரோ சொல்லக் கேட்டேன்" என்பதையும் பிரித்துச் சொல்வதே இங்கு வாய்மை விரதம். பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய் ஆகிய மூன்றிலும் "தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது அறியாமை அன்று. அறிவின் எல்லையை அறிந்த நிலை.

உதிரிபாகம் வாங்குமிடத்தும் அறம் குறுக்கிடுகிறது. கள்ளாமை நோன்புக்கு நேரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி அடுக்குகிறார். திருடிய பொருளை வாங்குதலும், போலிப் பொருளை வாணிகம் செய்தலும் அவற்றுள் இரண்டு. பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குபவர் முதற் குற்றத்தின் அருகே நிற்கிறார். போலி பிரேக் ஷூவை அசலென்று தெரிந்தே விற்பவர் இரண்டாவதில் முழுவதும் மூழ்கிவிட்டார்.

கழிப்பதிலும் கருத்து வேண்டும். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுத்த ஆயிலைக் கொல்லையில் கொட்டினால் அம்மண்ணில் வாழும் எறும்பும் மண்புழுவும் மாயும். மழைநீரோடு அது ஊருணியையும் சேரும். பயனின்றித் தீங்கு விளைப்பதைத் தவிர்க்கும் அனர்த்ததண்ட விரதம் இத்தகைய அசட்டையையும் தடுக்கிறது. பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. அதை விற்பனையாளரிடமே திருப்பித் தரவேண்டும் என்பது 2001 முதல் சட்டமாகவும் இருந்தது. 2022-இல் புதிய விதிகள் வந்தன. சட்டம் வருமுன்னரே நாம் செய்திருக்க வேண்டியது அது.

எனில், எப்போது விடுவது? பழுது பார்த்த பின்னும் வண்டி கரும்புகை கக்கினால், அடித்தகடு உளுத்துப் பாதுகாப்பு அழிந்தால், அப்போதும் "என் தந்தை வாங்கியது" என்று பிடித்து நிறுத்துவதே பற்று. விற்க நேர்ந்தால் குறைகளை மறையாது சொல்லி விற்கவேண்டும். இரண்டாயிரம் ரூபாய் குறையலாம். வாங்குபவர் தம் மனைவி மக்களை ஏற்றிச் செல்லப்போகும் வண்டி அது என்பதை நினைத்தால் அத்தொகை பெரிதாகத் தோன்றாது.

ஆகவே, பேணுவது பற்றா, பற்றின்மையா என்ற வினாவுக்கு விடை வண்டியின் வயதில் இல்லை. நம்மிடம் உள்ள பொருளால் பிற உயிர்க்குத் துன்பம் நேராதபடி காப்பதே பேணுதல். அது இயலும் வரை வைத்திருப்பதும் அறம். இயலாதபோது விடுவதும் அறம். பேணும்போது கற்றதை மறைக்காமல், மிகைப்படுத்தாமல் பிறர்க்கு வழங்குவோமாக. பொருள் ஒருநாள் துருவாகும்; அதைக் கையாண்ட விதம் நம்மோடு வரும்.