எங்களுக்கு எந்த உறுதி, சாமி?



2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி ‘டித்வா’ புயல் நம் தீவைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலையே பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்தது. 30ஆம் திகதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்த ஆண்டோ, நம்பிக்கையின் யூபிலி ஆண்டு என்று திருச்சபை கொண்டாடி வந்த ஆண்டு. இவ்விரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த அந்த ஞாயிறன்று, பீடத்திலே நின்று நம்பிக்கையைப் பற்றிப் பேச எந்தக் குருவுக்கு நா எழுந்திருக்கும்?

பின்னர் ஒரு நாள், தற்காலிக முகாமிலிருந்த தோட்டத்துத் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “உறுதியா இருங்க, உறுதியா இருங்கன்னு எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க. எங்களுக்கு எந்த உறுதி இருக்கு, சாமி?”

நம் நாட்டில் காணிப் பத்திரத்துக்கும் உறுதி என்றுதானே பெயர்! அவர் கேட்டது மன உறுதியையா, காணி உறுதியையா என்று எனக்கு உடனே விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டையும்தான் கேட்டிருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்து மடிந்தவர்களுக்கு, அந்தக் காம்பராவின் ஒரு கல்கூடச் சொந்தமில்லை. 1948ல் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

அந்தத் தாய்க்கு நான் அன்று சரியாய்ப் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பி வேதாகமத்தைத் திறந்தபோது எரேமியாஸ் ஆகமத்தின் 32ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது.

எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். நகரம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காக இறைவாக்கினர் காவலில் கிடக்கிறார். அந்த வேளையில் சிற்றப்பன் மகன் வந்து, அனாத்தோத்தூரில் உள்ள தன் வயலை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். எதிரியின் சேனை சூழ்ந்து நிற்கும் நாட்டில் ஒரு வயல்! எந்தப் புரோக்கரும் கைவிட்டுவிடக்கூடிய வியாபாரம். எரேமியாஸ் வாங்குகிறார். 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். உறுதி எழுதி, சாட்சிகள் முன் ஒப்பமிட்டு, முத்திரை வைத்து, நெடுங்காலம் கெடாமலிருக்க ஒரு மண்பாண்டத்தில் போட்டுவைக்கும்படி பாரூக்கிடம் ஒப்படைக்கிறார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார். அது ஒன்றே அவர் கையிலிருந்த ஆதாரம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பமிட்டு முடித்தபின் அவர் செபிக்கிறார். அந்தச் செபம் முறைப்பாட்டில்தான் முடிகிறது. எதிரி மதில்வரை வந்துவிட்டான், இந்த நேரத்தில் வயலை வாங்கு என்கிறீரே என்று ஆண்டவரையே கேட்கிறார். நம்பிக்கை கொண்டவன் குழம்பக்கூடாது என்று எவரும் உங்களிடம் சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள். அந்த வயலில் அவர் ஒரு பிடி தானியமும் அறுத்ததாக வேதாகமம் சொல்லவில்லை. நகரம் வீழ்ந்தது, அவரையோ எகிப்துக்கு இழுத்துச் சென்றார்கள்.

எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரம், விசுவாசத்தை நாம் நம்புகிறவற்றின் உறுதி என்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கே வரும் ‘ஹுப்போஸ்தாசிஸ்’ என்ற சொல், எகிப்து மணலில் கிடைத்த பழைய ஏடுகளில் சொத்துப் பத்திரங்களையும் குறித்திருக்கிறது. நிருபத்திலும் அதுவே பொருள் என்று அறிஞர் எல்லாரும் ஒப்புவதில்லை. ஆயினும் அந்த முகாமில் கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு அச்சொல் வேறு விதமாய் ஒலிக்கவில்லை. புனித சின்னப்பரும் எபேசியருக்கு எழுதும்போது, நாம் பரிசுத்த ஆவியால் முத்திரையிடப்பட்டிருக்கிறோம், அவரே நம் உரிமைச் சொத்துக்கு அச்சாரம் என்கிறார். அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கமாட்டார். ஆயர் உங்கள் நெற்றியில் தைலம் பூசிய அந்தத் தேவதிரவியத்துக்கு உறுதிபூசுதல் என்று நம் முன்னோர் பெயரிட்டார்களே, அது வெறும் பெயரா?

மோட்சத்தில் பத்திரம் இருக்கிறது, ஆகையால் பூமியில் கேட்காதே என்று சிலர் தோட்டத்து மக்களுக்குப் போதித்ததுண்டு. அது சுவிசேஷமல்ல. எரேமியாஸ் வாங்கியது மோட்சத்திலல்ல, மண்ணில். 1972ல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் அடிகளார், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தது வேறெந்த நம்பிக்கையால்?

மறுபடி அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். மண் சரிந்த இரவில் அவர் எடுத்துக்கொண்டு ஓடியது ஒரு பிஸ்கட் டின். திறந்து காட்டினார்: பிறப்புச் சான்றிதழ்கள், தகப்பனாரின் பழைய பிரசாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிக் கடிதம், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ். காணி உறுதி இல்லை. எரேமியாசின் மண்பாண்டத்தைப் பற்றிச் சொன்னேன். “அவருக்கும் நம்மள மாதிரி டின்னுதான்” என்று சிரித்தார். புயலுக்குப் பின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக மகள் சொன்னாள்.

உங்கள் வீட்டிலும் அந்த டின் இருக்கும். இன்றே திறந்து பாருங்கள். புயலில் பத்திரங்களை இழந்தவர்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் செல்லுங்கள். உங்கள் ஞானஸ்நானம் கோயில் பதிவேட்டில் இருக்கிறது. பிரதி எடுத்துத் தருவது அவர் கடமை. பிறப்புப் பதிவுக்கும் காணி விண்ணப்பத்துக்கும் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, படித்த இளைஞர்கள் பூசை முடிந்து அரைமணி நேரம் கோயிலிலேயே தங்கட்டும். எரேமியாசுக்கு பாரூக் இருந்தாரல்லவா?