எது தெளிவாகத் தெரிய வேண்டும்?

இன்றைய டிஜிட்டல் கேமரா முதலில் முகத்தைத் தேடுகிறது. முகம் கிடைத்ததும் கண்ணைத் தேடுகிறது. கண்ணின்மேல் ஒரு சின்னச் சதுரம் வந்து ஒட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்துவது மட்டுமே நம் வேலை. ஓடுகிற குழந்தையைப் படமெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனாலும் பழைய லென்ஸைத் தேடி வாங்கி, அடாப்டர் வழியாகப் புதிய கேமராவில் பொருத்தி, வளையத்தை விரலால் திருப்பி ஃபோகஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. என் 50 மி.மீ. லென்ஸை வாங்கப் போனபோது, "ஆட்டோவே போதுமே மேடம், இது உங்களுக்குச் சிரமம்" என்றார் கடைக்காரர். ஓர் ஆண் கேட்டிருந்தால் அதன் அருமை பெருமைகளை அரைமணி நேரம் சொல்லியிருப்பார்.

சிரமம்தான். எஃப் 1.8 திறப்பில், ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவைப் படமெடுத்தபோது, முகமும் விரல்களும் ஒருசேரத் தெளிவாக வராது என்று தெரிந்தது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் அந்தத் தேர்வை முன்பே செய்து வைத்திருக்கிறது: மனிதர் என்றால் முகம், முகம் என்றால் கண். (திரையைத் தொட்டு மாற்றலாம். மாற்றத் தோன்றுவதற்குள் படம் முடிந்துவிடும்.) நான் வளையத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா இவ்ளோ நேரம்? மூஞ்சிய எடுக்காதம்மா, தலகூட வாரல." விரல்களை எடுத்தேன். முகம் பின்னால் கரைந்து நின்றது. வேகமான கேமராவாக இருந்தால் அதைச் சொல்ல அவருக்கு நேரமே கிடைத்திருக்காது.

எதில் ஃபோகஸ் என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வி பழையது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு படமெடுக்கத் தொடங்கினார். படங்கள் மங்கல் என்று அன்றைய புகைப்பட வட்டாரம் அவரைக் குறை சொன்னது. லென்ஸைத் திருப்பிக்கொண்டே வந்து, தன் கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்தில் நிறுத்திவிடுவதாக அவர் எழுதியிருக்கிறார். சரியான ஃபோகஸ் இதுதான் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதத்தில் கேட்டார். பழைய லென்ஸ்களின் வண்ணத்தையும் பின்னணி மங்கலையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அவற்றைவிட இந்தக் கேள்வியே பெரிது.

ஆனால் கேமரனைக் கொண்டாடி அங்கேயே நின்றுவிட முடியவில்லை. 1875இல் அவர் குடும்பம் இலங்கைக்குப் போனது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அக்காலத்தில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து போன தமிழர்கள். கேமரன் அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்ப் பெண்களையும் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் தலைப்பில் பெயர் உண்டு. இவர்கள் பெரும்பாலும் 'தோட்டத் தொழிலாளர்கள்', 'இளம்பெண், இலங்கை' என்றே நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுக்கு முன்னால் நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டும். மறுக்க நேரம் தாராளமாக இருந்தது. தோட்ட முதலாளியின் மனைவியிடம் யார் மறுப்பார்கள்?