அத்தையின் இருமல்

2024 நவம்பரில் ஓர் இரவு, எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மடியில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு அத்தை. கட்டிப்போட்ட படகுகளின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம், தூரத்தில் ஒரு போட் இன்ஜின், இதற்கெல்லாம் அடியில் நிற்காமல் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாத்துக்குடா சும்மா கெடக்குற தண்ணிய புடிக்கிற?” என்றாள். அப்புறம் ரெண்டு தடவை இருமினாள்.

அந்த இருமலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு வீடு திருவொற்றியூரில். பகலில் ராயபுரத்தில் கணக்கெழுதும் வேலை. ராத்திரியில் ஒரு பழைய டிஜே கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு டவுன்டெம்போ, சைக்கடெலிக் சில்அவுட் வகைப் பாட்டுகளை மிக்ஸ் பண்ணுவேன். கல்யாண ஹால் டிஜே வேலைக்கு நேர் எதிரான வேலை இது. அங்கே ஆட வைக்க வேண்டும். இங்கே படுக்க வைக்க வேண்டும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 முதல் 110 பீட் வரை. ஒரு பாட்டே பத்து நிமிடம் போகும்.

மெதுவான பாட்டுதானே, மிக்ஸ் பண்ணுவது சுலபம் என்று நினைப்பார்கள். உண்மையில் தப்பை ஒளிக்க இங்கே இடமே கிடையாது. 32 பார், அதாவது 128 பீட், டெக்னோவின் 128 வேகத்தில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 80 வேகத்தில் அதே 32 பார் 96 நொடி ஓடும். அத்தனை நேரம் ரெண்டு பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ரெண்டு பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் சேறாகிவிடும். அதனால் புதுப் பாட்டை பேஸ் இல்லாமல் உள்ளே விட்டு, பழையதன் பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இதனுடையதை ஏற்ற வேண்டும். சுருதி ஒத்துப்போக வேண்டும். வேகம் ஒத்தே வராத ரெண்டு பாட்டுக்கு நடுவில் பீட்டே இல்லாத ஒரு நீண்ட ஒலியைப் பாலமாகப் போடுவோம். கேட்பவன் பழைய தாளத்தை மறக்கும் வரை அது ஓடும். மறந்த பிறகு புதுத் தாளம் வரும். எங்கே மாறியது என்று அவனுக்குத் தெரியவே கூடாது. தையல் தெரியாமல் தைப்பதுதான் இந்தத் தொழிலின் பெருமை.

எண்ணூர் ஒலியை நான் எடுத்தது அப்படி ஒரு பாலத்துக்காகத்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ரெண்டு தடவை விம்மித் தணிவதால் அதன் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். மேற்கத்திய ஸ்வரத்தில் ‘ஜி’ என்பது 98. ஆகவே ஜி மைனரில் இருக்கும் ஒரு பாட்டை ரெண்டு சதவீதம் வேகம் கூட்டினால், அதன் சுருதியும் கூடவே ஏறி ரீங்காரத்தோடு கச்சிதமாக உட்காரும். 80 வேகம் 81.6 ஆகும், அவ்வளவுதான். கரண்டுக்காரன் தம்புரா போட, அதன்மேல் பாட்டு. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நண்பனின் மொட்டை மாடியில் அதை வாசித்தேன். இருபது பேர் பாயில் படுத்திருந்தார்கள். நாலு நிமிடம் எண்ணூர் ஓடியது. கண்ணை மூடியபடி ஒரு பெண் கேட்டாள்: “செம்ம பீஸ்ஃபுல்லா இருக்கு. எந்த பீச் இது, கோவாவா?” எண்ணூர் என்றேன். யாரோ சிரித்தார்கள். “எண்ணூரா? அங்க மூக்கைப் பொத்திக்கிட்டுல்ல போகணும்?” நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். கவனமாகக் கேட்டாள். முடிந்ததும், “நான் ரெண்டு வாட்டி இருமினேனே, அத்த எங்கடா காணோம்?” என்றாள்.

“கட் பண்ணிட்டேன் அத்த.”

“ஏன்?”

“நடுவுல வந்தா கேக்குறவங்களுக்கு டிஸ்டர்பா இருக்கும்.”

ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “எனக்குந்தாண்டா டிஸ்டர்பா கீது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி கூடவே வருகிறது. ஒருவருக்கு அமைதி கொடுப்பதற்காக இன்னொருவரின் தொந்தரவை அழிக்கலாமா? ஒரு இருமலை வெட்டியதற்கா இத்தனை யோசனை என்று எனக்கே தோன்றியது. ஆனால் எங்கள் பகுதியில் வாழ்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

நம் புலன்கள் மாற்றத்தைத்தான் கவனிக்கும். நிலையாக இருக்கும் வாசனையை மூக்கு சில நிமிடங்களில் கைவிட்டுவிடும். நிற்காத ஒலியைக் காது பின்னுக்குத் தள்ளிவிடும். நீண்ட மிக்ஸ் வேலை செய்வதே இந்தப் பலவீனத்தை வைத்துத்தான். எங்கள் ஊரை மாற்றியதும் இதே பலவீனத்தை வைத்துத்தான். 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. தொண்ணூறுகளில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-இல் எண்ணூர் துறைமுகம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. ஒவ்வொன்றும் மெதுவாக உள்ளே வந்தது. மீன் குறைந்தது எந்த வருடம் என்று கேட்டால் யாராலும் ஒரு தேதி சொல்ல முடியாது. தையல் தெரியாத வேலை.

2017-இல் அந்தப் பழைய மின் நிலையத்தை மூடினார்கள். அத்தை வீடு கத்திவாக்கத்தில். அந்த வாரம் அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். “இன்னாமோ கொறையுதுன்னு எயுந்து எயுந்து ஒக்காந்தேன்” என்று சொல்லியிருக்கிறாள். தன்னைச் சுற்றி என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் அவள் காதுக்குத் தெரிந்தது.

2023 டிசம்பரில் ரெண்டு தடவை எல்லோருக்குமே தெரிந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. மீனவர்கள் வாளியிலும் குவளையிலும் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். டிஜே பாஷையில் சொன்னால் அது பிளெண்ட் இல்லை, கட். கேமராக்கள் வந்தது கட்டுக்கு மட்டும்தான். ஐம்பது வருட பிளெண்டுக்கு யாரும் வரவில்லை.

இந்த இசையின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1989-இல் லண்டனின் ‘ஹெவன்’ கிளப்பில், ஆடிக் களைத்தவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் அலெக்ஸ் பேட்டர்சனும் ஜிம்மி காட்டியும் பீட் இல்லாத இசையோடு பலவித ஒலிகளைக் கலந்தார்கள். 1990-இல் வந்த கே.எல்.எஃப். குழுவின் ‘சில் அவுட்’ ஆல்பத்தில் ரயில் ஓடும், ஆடு கத்தும், ரேடியோவில் யாரோ பிரசங்கம் செய்வார்கள். அமெரிக்கத் தென்கரையோரம் ஒரு கற்பனை இரவுப் பயணம் அது. எனக்கு உயிரான ஆல்பம். ஆனால் அதில் ஊர் என்பது ஒரு நிறம். அந்த ஊர்க்காரர்கள் யாரும் திரும்பி வந்து “என் இருமல் எங்கே?” என்று கேட்கப்போவதில்லை. எனக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் பக்கத்து இசையும் வேறு மாதிரி. கானா சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவது. விழித்திருக்க வைப்பதுதான் அதன் வேலை. 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ இதே எண்ணூரில் படமாக்கப்பட்டது. கச்சேரி ராகங்கள் வரிசையாக வருகின்றன, வார்த்தைகளோ சென்னைத் தெருத் தமிழ். தையலை மறைக்க அந்தப் பாட்டு முயற்சி செய்யவே இல்லை. நிலப் பதிவேட்டில் எல்லோருக்கும் பொதுவான இடத்தைக் குறித்த சொல் எப்போது வசவானது என்று அந்தத் தையலைப் பிடித்துத்தான் அது கேட்கிறது.

அப்படியானால் எல்லாக் கலையும் எழுப்பிவிட வேண்டுமா? இங்கேதான் எனக்கு முழுச் சம்மதமில்லை. அப்பா முப்பது வருடம் ஹார்பரில் ஷிஃப்ட் பார்த்தவர். பகலில் தூங்க வேண்டிய மனிதன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹார்ன் அடிக்கும்போது, என் மிக்ஸைச் சன்னமாக வைத்தால் அவர் தூங்குவார். கலை தொந்தரவு செய்ய வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமைதியான தெருவில் குடியிருக்கிறார்கள். எங்களுக்குத் தொந்தரவுக்குப் பஞ்சமில்லை. அமைதிதான் கிடைக்கவில்லை. அதைக் கொடுப்பது பாவம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே, அமைதியை உண்டாக்கியது என் தப்பில்லை. எதை வெட்டினால் அமைதி வரும் என்று நானே தனியாக முடிவு செய்ததுதான் தப்பு. ரீங்காரத்தை சுருதியாக வைத்துக்கொண்டேன், அதன் பக்கத்தில் மூச்சு விடுகிறவளைக் குப்பையில் போட்டேன். மின் நிலையம் இனிமையாகிவிட்டது, அத்தை இரைச்சலாகிவிட்டாள். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. நானே ஒரு பட்டனை அழுத்தினேன்.

இருமலைத் திரும்பச் சேர்ப்பதிலும் ஒரு பயம் இருந்தது. மொட்டை மாடியில் படுத்திருப்பவர்கள் அதைக் கேட்டு “ச்ச, பாவம்” என்று ஒரு நொடி உருகிவிட்டு மறுபடி கண் மூடுவார்கள். அவள் நெஞ்சு அவர்களுக்கு ஒரு எஃபெக்ட் ஆகிவிடும். அதனால் இந்தத் தடவை அவளையே கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “போட்டுக்கோ. ஆனா பின்னாடி அழுவுற மாரி மூசிக் கீசிக் போடாத. நான் ஒண்ணும் சாவல.”

இப்போது அந்த மிக்ஸில் முதல் பாட்டு கரைந்து, ரீங்காரமும் தண்ணீரும் மட்டும் மிஞ்சும் இடத்தில், ரெண்டு இருமல் இருக்கிறது. எதிரொலி சேர்க்கவில்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்புறம் பதினாறு பார் கழித்து அடுத்த பாட்டின் பேஸ் வரும். போன மாதம் அப்பாவுக்குப் போட்டேன். இருமல் வந்ததும் பாதித் தூக்கத்தில் கண் திறந்து, “யாரு, அக்காவா?” என்றார்.

ஆமாம் என்றேன். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.