அநீதியான சட்டமும் விசுவாசியின் கடமையும்

அரசின் சட்டம் அநீதியானதாக இருந்தால் கடவுள் நம்பிக்கையுள்ளவர் அதை மீறலாமா என்பது கிறிஸ்தவச் சிந்தனையில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. ஆளும் அதிகாரத்துக்கு அடங்கியிருக்கச் சொல்கிறது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே முதன்மை என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். 1960களில் இன ஒதுக்கலும் வியட்நாம் போரும் அமெரிக்காவை உலுக்கியபோது இந்த வழக்கு தெருவுக்கும் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்தது.

1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கருப்பின மாணவர் நால்வர் கடையொன்றில் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்தனர். உள்ளிருப்புப் போராட்டம் சில வாரங்களில் தென் மாநிலங்களெங்கும் பரவியது. நாஷ்வில் நகர மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி அளித்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் கட்டாய இராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்றவர் அவர். பின்னர் நாக்பூரில் மெதடிஸ்ட் ஊழியராக இருந்தபோது காந்தியின் சத்தியாகிரகத்தைக் கற்றவர். உள்ளிருப்புப் போராட்டத்தில் பங்கேற்றதற்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1960இல் அவரை வெளியேற்றியது.

கருப்பினத் திருச்சபைகள் எல்லாமே இந்த வழியை ஏற்றுவிடவில்லை. தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டின் தலைவர் ஜோசப் ஜாக்சன், சட்டத்துக்கு உட்பட்டே உரிமை கோர வேண்டும் என்றார். இந்தப் பிணக்கும் தலைமைப் போட்டியும் சேர்ந்து 1961இல் மாநாட்டைப் பிளந்தன. அகிம்சை வழிச் சட்ட மீறலை முன்னெடுத்த மார்ட்டின் லூதர் கிங்கின் ஆதரவாளர்கள் பிரிந்து முற்போக்கு தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டை அமைத்தனர்.

கேள்வி முழு வடிவம் பெற்ற இடம் அலபாமாவின் பர்மிங்காம். ஊர்வலங்களுக்கு நீதிமன்றம் விதித்த தடையை மீறி, 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கிங் ஊர்வலம் நடத்திக் கைதானார். எட்டு வெள்ளையினச் சமயத் தலைவர்கள், அவர்களுள் ஒருவர் யூத ரபி, போராட்டத்தைக் காலமறியாச் செயல் என்று கண்டித்து, பேச்சுவார்த்தையையும் நீதிமன்றத்தையும் நாடுமாறு அறிக்கை வெளியிட்டனர். சிறையிலிருந்து கிங் எழுதிய பதில் கடிதம் அகஸ்டீனையும் தாமஸ் அக்வினாஸையும் துணைக்கு அழைத்தது. நித்தியச் சட்டத்திலும் இயற்கைச் சட்டத்திலும் வேரூன்றாத மனிதச் சட்டம் அநீதியானது. மனித ஆளுமையைத் தாழ்த்தும் சட்டமும் அத்தகையதே என்பது அதன் வாதம்.

இதற்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதே ஆண்டு ஜூனில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கருப்பின மாணவர்களைச் சேர்க்கச் சொன்ன கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவை எதிர்த்துப் பல்கலைக்கழக வாசலில் நின்றார். மனச்சாட்சியே அளவுகோல் என்றால் அவரும் அதைக் காட்டலாம். கிங்கின் கடிதத்தில் இதற்கு விடை இருந்தது. பெரும்பான்மை தன்மேல் விதித்துக்கொள்ளாமல் சிறுபான்மைமேல் மட்டும் சுமத்தும் சட்டம் அநீதியானது; வாக்குரிமை மறுக்கப்பட்டவர்மேல் சுமத்தப்படுவதும் அப்படியே. இவை எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க அடையாளங்கள். மீறுபவர் ஒளிவுமறைவின்றி, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனத்தோடு மீற வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. தண்டனையை ஏற்பவர் அந்த ஒரு சட்டத்தை எதிர்த்தாலும் சட்டம் என்ற அமைப்பை மதிக்கிறார் என்பது அதன் உட்பொருள். உச்ச நீதிமன்றம் 1967இல், பர்மிங்காம் ஊர்வலத் தடையை மீறியதற்கான கிங்கின் தண்டனையை 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது: தடை தவறானதாக இருந்தாலும் மீறுவதற்கு முன் வழக்காடியிருக்க வேண்டும் என்றது. கிங் மீண்டும் சிறை சென்றார்.

தண்டனையை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கியவர்களும் இருந்தனர். காக்கத் தவறிய அரசின் தண்டனைக்கு ஏன் தலைவணங்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அரசு காவாதபோது தற்காத்துக்கொள்வது உரிமை என்று மால்கம் எக்ஸ் வலியுறுத்தினார். ஜேம்ஸ் கோன் 1969இல் வெளியிட்ட கருப்பின இறையியல் நூல், ஒடுக்கப்பட்டோர் பக்கம் கடவுள் நிற்கிறார் என்ற கருத்தை மையமாக்கியது. வன்முறை குறித்து ஒடுக்குவோர் உபதேசிக்கும் தகுதியையும் அது மறுத்தது.

வியட்நாம் போர் கேள்வியைத் தனிமனித நிலைக்கு நகர்த்தியது. பரம்பொருள் நம்பிக்கையால் போரை மறுப்பவருக்கே சட்டம் விலக்கு அளித்திருந்தது. 1965இல் சீகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் வாழ்வில் கடவுளுக்கு நிகரான இடம்பெறும் மெய்யான நம்பிக்கையே போதும் என்றது. 1967இல் படையில் சேர மறுத்த குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1971இல் அது ரத்தானது. ஆனால் அதே ஆண்டு கில்லெட் வழக்கில், எல்லாப் போரையும் மறுப்பவருக்கே விலக்கு, ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் மறுப்பவருக்கு இல்லை என்று தீர்ப்பானது. நீதியான போர், அநீதியான போர் என்று பிரித்தறியச் சொல்லும் கத்தோலிக்க மரபினருக்கு இதனால் இடமில்லாமற் போனது.

1968 மே 17 அன்று மேரிலாந்தின் கேட்டன்ஸ்வில்லில் டேனியல், பிலிப் பெரிகன் என்ற பாதிரியார் சகோதரர்கள் உட்பட ஒன்பது கத்தோலிக்கர், படைச் சேர்ப்பு அலுவலகக் கோப்புகளை எடுத்துவந்து தாங்களே தயாரித்த நேபாம் என்ற எரிகுழம்பால் எரித்தனர். காவலர் வரும்வரை ஜெபித்தபடி நின்றனர். காகிதத்தை எரிப்பது வன்முறையா என்ற கேள்வி எழுந்தது. 1970இல் டேனியல் பெரிகன் சிறைக்குச் செல்லாமல் சில மாதம் தலைமறைவானார். அநீதியான போரை நடத்தும் அரசின் தண்டனையை ஏற்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அதனோடு சேர்ந்தது.

மெய்யியலாளரும் இத்தகைய மீறலுக்கு வரையறை தர முயன்றனர். 1970இல் ஹன்னா அரெண்ட், தன் மனச்சாட்சியைக் காக்கும் தனிமனிதரையும் பொதுக் கருத்தால் இணைந்து மீறும் குழுவையும் வேறுபடுத்தினார். 1971இல் ஜான் ரால்ஸ், சட்ட மறுப்பை வெளிப்படையான, வன்முறையற்ற அரசியல் செயலாக வரையறுத்தார்; குறிப்பிட்ட சமயக் கொள்கையை அல்லாமல், சமூகம் பொதுவாக ஏற்கும் நீதி உணர்வையே அது ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்றார். ஏறத்தாழ நீதியான சமூகத்துக்கே அவர் வரையறை பொருந்தும். விசுவாசியின் கேள்வியோ அத்தகைய நீதி இல்லாத இடத்தில்தான் எழுகிறது. அங்கே மனச்சாட்சி தன்னளவில் சான்றாவதில்லை. மீறப்படும் சட்டம் யார்மேல் சுமத்தப்பட்டது, அதை எதிர்க்க வேறு வழி இருந்ததா, மீறலின் விலையை யார் கொடுக்கிறார் என்ற மூன்றுமே அந்தப் பத்தாண்டு விட்டுச்சென்ற அளவுகோல்கள்.