நம்பத்தக்க ஆயுதம்

உயிர்க்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது குடிமகனின் தனியுரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியிலும் அவ்வுரிமை செல்லும் என்று 2022-இல் அதே மன்றம் விரித்துரைத்தது. ஆகவே, அங்கே வாழும் முஸ்லிம் குடும்பத் தலைவர் ஒருவரின் உள்ளத்தில் எழும் வினா, 'வைத்துக்கொள்ளலாமா?' என்பதன்று, 'எதை வாங்கினால் நம்பலாம்?' என்பதே. 2015-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் முஸ்லிம் இளைஞர் மூவர் தம் இல்லத்திலேயே அண்டைவீட்டானால் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தவர்கள், இவ்வினாவை வீண் அச்சம் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

இது கடைக்காரரிடம் கேட்கப்படும் வினாதான். ஆயினும் 'நம்பலாம்' என்ற சொல் என்னைச் சிந்திக்க வைக்கிறது. நம்பிக்கைக்குரியது எது என்று ஆராய்வதற்கு நம் முன்னோர் தனிக்கலையே வகுத்தவர்களல்லவா?

முதலில், தொழிலறிந்தோர் தரும் விடையைப் பார்ப்போம். கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இரு வகை. ரிவால்வரில் ஐந்தாறு தோட்டாக்கள் ஓர் உருளைக்குள் இருக்கும். விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வந்து நிற்கும். ஒன்று வெடிக்காமற் போனாலும் மீண்டும் இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலோ, வெடித்த தோட்டாவின் ஆற்றலைக் கொண்டே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, கைப்பிடிக்குள் இருக்கும் அடுக்கிலிருந்து அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதில் தோட்டாக்கள் அதிகம், மாற்றுவதும் எளிது. ஆனால் பிடி தளர்ந்தாலும், சுருள்வில் சோர்ந்தாலும், அழுக்கேறினாலும் இடையிற் சிக்கிக்கொள்ளக் கூடும். 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளோக் போன்ற பிஸ்டல்கள் இக்குறையை வெகுவாகக் குறைத்துவிட்டதனால், அமெரிக்கக் காவலர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரிவால்வரைக் கைவிட்டு அவற்றிற்கு மாறினர். எதை வாங்கினாலும், பயன்படுத்தப்போகும் அதே வகைத் தோட்டாவைக் கொண்டு பலமுறை சுட்டுப் பாராமல் நம்பலாகாது என்பது அவர்கள் கூறும் நல்லுரை.

இவ்விடையில் ஒரு நுட்பம் உண்டு. சுட வேண்டும்போது சுடுவது மட்டும் நம்பகம் ஆகாது. சுட வேண்டாதபோது சுடாதிருப்பதும் நம்பகமே. 1873-ஆம் ஆண்டின் கோல்ட் ரிவால்வரை வைத்திருந்தோர் அதன் ஆறு அறைகளில் ஐந்தை மட்டுமே நிரப்பி, குதிரைக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விடுவது வழக்கம். கீழே விழுந்தால் தானே வெடித்துவிடும் என்ற அச்சமே காரணம். பின்னாளில் வந்தவை, விசை இழுக்கப்பட்டாலொழிய வெடிக்காதவாறு உள்ளே தடை வைத்துச் செய்யப்பட்டன. செய்ய வேண்டியதைத் தவறாமற் செய்வது, செய்யக்கூடாததைச் செய்யாதிருப்பது என்ற இவ்விரண்டும் கூடியதையே தொழிலறிந்தோர் நம்பகம் என்கின்றனர்.

ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பாளரை 'ஸிகத்', அதாவது நம்பத்தக்கவர் என்று சொல்ல இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று 'ளப்து': கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கேட்டபடியே ஒப்படைக்கும் துல்லியம். மற்றொன்று 'அதாலத்': இறையச்சமும் நேர்மையும் பொருந்திய நடத்தை. நினைவாற்றலில் மலைபோன்ற ஒருவர் நேர்மையில் தவறினால் அவர் அறிவிப்பு தள்ளப்படும். தக்வாவிற் சிறந்த பெரியார் மறதிக்காரராயின் அவருடையதும் பலவீனமே. இவ்வளவுகோலைத் துப்பாக்கிக்கு வைத்துப் பாருங்கள். தொழிற்சாலை தரக்கூடியது ளப்து மட்டுமே. அதாலத்தை எந்தத் தொழிற்சாலையும் வார்த்துக் கொடுப்பதில்லை. அது பிடிக்கும் கையோடு வரவேண்டும். ஆகவே, 'நம்பத்தக்க துப்பாக்கி எது?' என்ற வினாவுக்குக் கடைக்காரர் அளிக்கும் விடை, எத்துணை நேர்மையானதாயினும், பாதி விடையே.

மறுபாதிக்கு ஃபிக்ஹு நூல்களிடம் செல்ல வேண்டும். தாக்க வருபவனை எதிர்கொள்ளும் சட்டத்துக்கு 'ஸியால்' என்று தனிப்பாடமே உண்டு. தன் உயிர், பொருள், குடும்பம், மார்க்கம் ஆகியவற்றைக் காக்கப் போராடி இறப்பவர் ஷஹீது ஆவார் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி நம் வீடுகளில் யாவரும் அறிந்தது. அதை மட்டும் ஓதி நிறுத்திவிடுகிறவர்களே மிகுதி. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் அதன் எல்லைகளை வகுத்திருப்பதைப் பாருங்கள். தாக்குபவனை மிக எளிய வழியால் விலக்க வேண்டும். அதனால் இயலாதபோதே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். சொல்லாலோ, கூவி உதவிக்கு அழைப்பதாலோ விலக்க முடியுமானால் அடிப்பது ஹராம். கையால் முடிந்தால் சவுக்கு கூடாது. சவுக்கால் முடிந்தால் தடி கூடாது. உறுப்பை வெட்டி நிறுத்த முடிந்தால் கொல்லுதல் கூடாது. தப்பி ஓட வழி இருந்தால், ஓடுவதே வாஜிபு. போரிடுவது ஹராம் என்பதே மத்ஹபின் முடிவு.

ஓடுவதைக் கோழைத்தனம் என்று கருதும் நாட்டில் இது கசக்கும். புளோரிடா மாநிலம் 2005-இல் இயற்றிய சட்டம், பொது இடத்திலும் பின்வாங்க வேண்டிய கடமை இல்லை என்று கூறி, நின்றவாறே சுட வழிவிட்டது. சட்டம் தண்டிக்காது விட்ட ஒன்றை மார்க்கமும் அனுமதித்துவிட்டதாக முஸ்லிம் எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் 2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவோ, தேவைக்கு மிஞ்சிய தீங்கை விளைவிக்கும் உரிமை தற்காப்பில் இல்லை என்கிறது. காவல் துறையை நாட அவகாசம் இருப்பின் அவ்வுரிமையே எழாது என்றும் கூறுகிறது. நவவீயின் படிக்கட்டுக்கு அது நெருங்கிய உறவு.

துப்பாக்கியின் தத்துவச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. படிக்கட்டின் கீழ்ப்படிகள் யாவையும் தாண்டி உச்சிப்படியில் நிற்கும் கருவி அது. கையில் தடி உள்ளவன் மெல்ல அடிக்கலாம், பலமாக அடிக்கலாம், அடிக்காமல் ஓங்கலாம். தோட்டாவில் மென்மை இல்லை. காட்டினாலே பகைவன் ஓடிவிடுவானே என்பர். உண்மைதான், பலமுறை அவ்வாறே நடக்கிறது. ஆனால் காட்டிய பிறகும் ஓடாதவன் முன்னே மீதியிருப்பது ஒரே படி. அதுவும் இருட்டில், உறக்கக் கலக்கத்தில், வந்தவன் கள்வனா, வெளியூரிலிருந்து சொல்லாமல் வந்த மகனா என்று தெரியாத அரை நிமிடத்தில்.

ஓர் எண்ணிக்கையையும் இங்கே எடை போட வேண்டும். சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் 1978 முதல் 1983 வரை துப்பாக்கி இருந்த வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்த துப்பாக்கிச் சாவுகளை மருத்துவர்கள் ஆய்ந்து 1986-இல் வெளியிட்டனர். தற்காப்புக்காக நிகழ்ந்த ஒவ்வொரு கொலைக்கும் ஈடாக, தற்கொலை, குற்றக்கொலை, விபத்து என்று 43 சாவுகள் நேர்ந்திருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி தற்கொலைகள். கொல்லாமல் விரட்டப்பட்ட பகைவர்களை அவ்வாய்வு கணக்கிலெடுக்கவில்லை என்பது அதன்மீது சொல்லப்படும் நியாயமான குறை. அக்குறையை ஏற்றுக்கொண்டாலும், 2021-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்ற அரசுக் கணக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? வாசல் வழியே வருபவனை எண்ணி வாங்கியது, உள்ளே சோர்ந்திருக்கும் ஒருவரின் கைக்குப் போய்ச் சேருகிறது.

சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுபவனை வானவர் சபிப்பதாகவும், ஷைத்தான் கையைத் தடுமாறச் செய்துவிடக் கூடும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அம்புடன் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்வோர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் கற்பித்த ஒழுங்கே. ஆயுதத்தை அவர்கள் தடுக்கவில்லை. அதன் முனை எவர் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையே கவனித்தார்கள்.

ஹிஜ்ரி 35-இல் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் இல்லம் முற்றுகையிடப்பட்டபோது, காக்க வந்தோரை வாளை உறையிலிட்டுத் திரும்பிப் போகச் சொன்னார்கள். முஸ்லிம்களின் குருதி தமக்காகச் சிந்தப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. இதனை ஆதாரமாக வைத்து, தன்னுயிரை ஒருவர் காக்காது விடவும் இடமுண்டு என்று சட்ட அறிஞர் சிலர் உரைத்தனர். ஆனால் விட்டுக்கொடுத்தது தம்முடைய உயிரை. மனைவி மக்களின் உயிரையும் மானத்தையும் விட்டுக்கொடுக்கும் உரிமை குடும்பத் தலைவருக்கு இல்லை. ஆகவே, வாங்கவே கூடாது என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியேன்.

2019 மார்ச் 15 அன்று நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிகளில் ஜும்ஆவுக்குக் கூடியோரில் 51 பேர் கொல்லப்பட்டனர். தற்காப்பைக் காரணம் காட்டித் துப்பாக்கி உரிமம் பெற இயலாத நாடு அது. லின்வுட் பள்ளியில் அப்துல் அஸீஸ் என்பவர் வங்கி அட்டை தேய்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக் கொலைகாரன்மீது எறிந்தார். பிறகு அவன் கீழே போட்ட துப்பாக்கியை எடுத்து விசையை இழுத்தார்; தோட்டா இல்லை. அதையே ஈட்டிபோல் அவன் காரின்மீது வீசினார். அவன் ஓடிவிட்டான். அவ்வேளையில் தோட்டா இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று எவர் மனமும் சொல்லும். என் மனமும் சொல்கிறது. ஆனால் அங்கே நம்பத்தக்கதாய் இருந்தது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி, வாங்கத்தான் போகிறேன் என்பவரிடம் கேட்கவேண்டியவை சில. வீட்டில் சினம் தலைக்கேறுபவர் உண்டா? மனச்சோர்வில் வாடுபவர் உண்டா? விளையாடும் பிள்ளைகள் உண்டா? இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்று விடை வருமானால், ஆஸ்திரியாவிற் செய்தாலும் அமெரிக்காவிற் செய்தாலும் அந்த வீட்டில் அது ஸிகத் ஆகாது. மூன்றுக்கும் இல்லை என்றால், பூட்டைப் பற்றிய பேச்சு வரும். பூட்டி வைத்தால் நள்ளிரவில் உதவாது என்கிறார்கள். திறந்து வைத்தால் பகலெல்லாம் ஆபத்து. விரல் ரேகையால் திறக்கும் சிறு பெட்டகங்கள் இப்போது கிடைக்கின்றன. அந்த விரல் யாருடையது என்பதை, துப்பாக்கியின் பெயரைக் கேட்பதற்கு முன்பே கணவனும் மனைவியும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.