பழுதான பெட்டியும் பதிலுக்கு வந்த வவுச்சரும்



ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஒரு சகோதரர் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். 30,000 ரூபாய்க்கான வவுச்சர் அது. அவர் டி.வி. வாங்கியபோது, கம்பெனி தரும் ஓராண்டு வாரண்டி போக, மேலும் இரண்டாண்டுகளுக்கென்று தனியாக 3,000 ரூபாய் கட்டியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் திரை இருண்டுவிட்டது. மாற்றுத் திரை கிடைக்கவில்லை. பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கள் கடையிலேயே வேறு பொருள் வாங்கிக்கொள்ளுமாறு இந்த வவுச்சரைத் தந்துவிட்டார்கள். "இது நமக்கு ஆகுமானதுதானா?" என்று கேட்டார் அவர்.

டி.வி.யில் எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது என்பது வேறு விஷயம். இங்கே கேள்வி பணத்தைப் பற்றியது. 'கம்பெனிக்காரன் மனமுவந்து கொடுக்கிறான், வாங்கிக்கொள்வதில் என்ன குற்றம்?' என்று சிலர் சொல்லக்கூடும். மனமுவந்து கொடுப்பது மட்டும் ஒரு பொருளை ஹலாலாக்கிவிடுமானால், வட்டியும் ஹலாலாகியிருக்க வேண்டுமே! எனவே சற்று நிதானித்துப் பார்ப்போம்.

விற்ற பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இது ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டம். அங்காடியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். எனவே, பொருளோடு சேர்த்து உற்பத்தியாளர் தரும் வாரண்டி வியாபாரத்தின் ஒரு பகுதி. அதில் கிடைக்கும் பழுதுபார்ப்போ மாற்றுப் பெட்டியோ நம் உரிமை. தயங்க வேண்டியதில்லை.

தனிப் பணம் கட்டி வாங்கும் வாரண்டியின் நிலை வேறு. பெட்டி கெடாவிட்டால் கட்டிய 3,000 போயிற்று. கெட்டுவிட்டால் அதைப்போல் பத்து மடங்கு வரும். எது நடக்கும் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இத்தகைய நிச்சயமற்ற வியாபாரத்தைத்தான் 'ஙரர்' என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், தவணை கட்டும் வணிக இன்ஷூரன்ஸில் ஒப்பந்தத்தையே கெடுக்கும் அளவுக்கு ஙரர் இருக்கிறது என்று தீர்மானித்தது. மாறாக, சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற அறிஞர்கள் இன்ஷூரன்ஸ் ஆகும் என்று வாதிட்டதும் உண்டு. விற்றவரே தம் பொருளுக்குத் தாமே பொறுப்பேற்றுப் பழுது பார்த்துத் தருவதையும், சம்பந்தமில்லாத மூன்றாவது கம்பெனி பணம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பதையும் பிரித்துப் பார்க்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் காகிதத்தின் பின்னால் நிற்பது யார் என்பதைப் படித்தறிந்து, நம்பகமான ஆலிமிடம் காட்டிக் கேட்பதே முதல் வேலை.

ஆகாது என்ற தீர்ப்பே நமக்குக் கிடைத்தால், வவுச்சரைக் கிழித்துப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. அதில் நம்முடையதும் இருக்கிறது, நம்முடையது அல்லாததும் இருக்கிறது. வட்டியை விட்டுத் திருந்துபவருக்கு அவருடைய முதல் உண்டு, அவர் அநீதி செய்யவும் கூடாது, அநீதி செய்யப்படவும் கூடாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 279-ஆம் வசனம் காட்டும் நெறி. அந்த நெறிப்படி கணக்குப் போடலாம். கட்டிய 3,000 அவருடையது. எடுத்துச் சென்ற பழைய பெட்டிக்கு 2,000 பெறுமானால் அதுவும் அவருடையது. மீதி 25,000 ரூபாயை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விடுபட வேண்டும். வவுச்சரை இரண்டாக வெட்ட முடியாது. எனவே அதைக் கொண்டு பொருளை வாங்கிக்கொண்டு, மீதித் தொகையைத் தம் கைப்பணத்திலிருந்து சிறுகச் சிறுகவேனும் கொடுத்துவிடலாம். கலந்துவிட்ட பொருளைப் பிரித்தெடுத்து அகற்றும் முறையை 'இஹ்யா'வில் விளக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அவரே வறியவராக இருந்தால் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும் இடம் தந்திருக்கிறார்கள். மார்க்கம் யாரையும் நெருக்கடியில் தள்ளுவதில்லை.

எந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டாலும் மாறாத ஒன்று உண்டு. பிள்ளை பந்தை எறிந்து உடைத்த திரையை 'தானாகக் கெட்டது' என்று விண்ணப்பத்தில் எழுதினால், அது பச்சைப் பொய். அதன் மூலம் வரும் ஒரு ரூபாயும் எந்த மத்ஹபிலும் ஆகுமானதல்ல.

அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள், தம் பணியாள் தந்த உணவை உண்டபின், அது குறிசொல்லிப் பெற்ற கூலி என்று அறிந்ததும், தொண்டைக்குள் விரல்விட்டு வெளியேற்றினார்கள் என்று ஹதீதில் காண்கிறோம். தெரியாமல் உண்டதற்கு அவர்கள் மீது குற்றமில்லை. ஆயினும் தெரிந்தபின் அதை வயிற்றில் வைத்திருக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அந்தச் சகோதரரும் நம்மிடம் சொன்னார்: "பணம் கட்டும்போது கேட்கத் தோன்றவில்லை. வவுச்சர் வந்தபிறகுதான் தூக்கம் போயிற்று." நம்மில் பலரின் நிலையும் இதுதானே! ஆயினும் பிந்தியாவது கேட்டாரே, அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். வந்ததை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாய்திறவாமல் போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

இனி கடையில் பில் போடும்போது, "இன்னும் 3,000 கட்டுங்கள், கவலை இல்லை" என்று சொன்னால், அந்த இடத்திலேயே கேள்வி எழட்டும். அதே 3,000 ரூபாயை வீட்டில் ஓர் உறையில் போட்டு வைத்தால் பழுதுபார்க்க உதவும். பெட்டி கெடாவிட்டால் பணம் நம்மிடமே இருக்கும். அதில் ஙரரும் இல்லை, சந்தேகமும் இல்லை.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலைக் கொண்டே போதுமாக்கி, சந்தேகமானவற்றிலிருந்து நம் வீடுகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.