குற்றங் கண்டார் கடன்

தொழிற்சாலையிலாதல் அலுவலகத்திலாதல் உடன் பணி புரிவார் இயற்றும் குற்றத்தைக் காண்பவர் பலர். அதனை எடுத்துரைப்பவர் மிகச் சிலர். காண்பவர் உரைப்பவராதல் எவ்வாறென்பதும், அங்ஙனம் உரைத்தல் அறமாமோ என்பதும் ஈண்டுச் சிறிது ஆராயப்படும்.

உரைத்தல் தகாதென்பார் இரண்டு தடைகள் நிகழ்த்துவர். பிறர் குற்றத்தை வெளியிடல் புறங்கூற்றாம் என்பது ஒன்று. உண்ட சோற்றுக்கு நன்றி மறத்தலாம் என்பது மற்றொன்று. இவை பொருந்துமோவென ஒரு மெய்ந்நிகழ்ச்சி கொண்டு நோக்குவாம்.

அமெரிக்க நாட்டில் விண்கலத்தை உந்தும் பொறிகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் என்னும் நிறுவனத்தில் ரோஜர் போஷோலே என்பார் பொறியியலாளராயிருந்தார். 1985ஆம் ஆண்டு சனவரியிற் குளிர்காலத்து ஏவப்பெற்ற கலமொன்றின் பொறிகளை மீட்டு ஆராய்ந்தவிடத்து, இணைப்பைக் காக்கும் ரப்பர் வளையத்தைக் கடந்து வெம்புகை கசிந்திருத்தலை அவர் கண்டார். கண்டவுடனே பறைசாற்றினாரல்லர். குளிரில் வளையம் நெகிழ்ச்சி குன்றுமென்பது சோதனைகளால் தெளிந்தபின், அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள், உயிர்ச்சேதம் நேரக்கூடுமெனத் தம் மேலோர்க்கு முடங்கல் வரைந்தார். பயன் சிறிதேயாயிற்று. 1986 சனவரி 27ஆம் நாளிரவு, அக்கடுங்குளிரில் ‘சாலஞ்சர்’ கலத்தை ஏவலாகாதென அவரும் உடன் பொறியியலாளரும் வாதாடினர். முதலில் அதற்கு இசைந்த மேலாளர், நாசா அதிகாரிகள் உடன்படாமை கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். மறுநாள் கலம் எழுந்த 73ஆம் நொடியிற் சிதைந்தது. எழுவர் உயிர் துறந்தனர். பின்னர் அரசாங்கம் நிறுவிய ஆராய்ச்சிக் குழுவின்முன் அவர் உண்மையை உரைத்துச் சான்றுகளையும் நல்கினார். அதனால் உடனுழைத்தாரால் ஒதுக்கப்பட்டு, அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார்.

முகத்தெதிரே சொல்லாததை அழுக்காற்றாற் புறத்தே சொல்லுதலன்றோ புறங்கூற்று? இவரோ முதற்கண் உரியார் முகத்தெதிரேயே உரைத்தார். அவர் கேளாது கேடு விளைந்தபின்னரே புறத்தார்க்குரைத்தார். சோறிட்டார் பழிக்குழியில் வீழக் கண்டும் வாளாவிருத்தல் நன்றியுமன்று. ஆகலின் அவ்விரு தடையும் நில்லாவென்க.

எனினும், கண்டதெல்லாம் குற்றமாகாது. விசாரசருமர் மணலிலிங்கத்திற்குப் பாலாட்டக் கண்ட அயலான், கண்டதைப் பொய்யாது சென்று உரைத்தான். ஆயினும் உடையார்க்குரிய பால் குறையாமையை அவன் ஆராய்ந்தானல்லன். அவ்வாராயாமை எத்துணைத் துன்பத்திற்கு வாயிலாயிற்று! ஆதலின் காண்டலுக்கும் உரைத்தலுக்கும் இடையே தெளிதல் வேண்டும்.

தெளிந்தும் பலர் உரையாமை என்னை? யான் ஆசிரியத்தொழில் புரிந்த நாளில் ஒரு பாடசாலையிற் பிள்ளைகளின் உணவுக்குரிய பொருள் கணக்கிற் பிறழ்தலை ஐயமறக் கண்டேன். ‘எனக்கென்ன? என் பதவிக்கு ஊறு நேருமே’ என்று வாய் மூடினேன். முதியனாகிய இந்நாளில் அது நினைவிற்கு வருந்தோறும் நெஞ்சம் சுடுகின்றது. பிறரொருவர் உரைப்பாரெனக் காத்திருந்தேன். அப்பிறரும் அவ்வாறே காத்திருந்தனர் போலும். பசித்தவரோ பிள்ளைகள்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத் துணிபு. வாளாவிருப்பார் நடுவே நின்ற உயிர் ‘யான், எனது’ என்னும் செருக்கைச் சார்ந்து, கண்டும் காணாததாகின்றது. துன்புறும் பிறவுயிரைச் சார்ந்து நின்ற உயிரோ அஞ்சாது வாய் திறக்கின்றது. காண்பவர் உரைப்பவராதல் இச்சார்பு மாற்றத்தாலேயாம். வினையைச் செய்தலும் செய்வித்தலுமேயன்றி உடன்படுதலும் வினையே என்பதை உணர்ந்தார்க்கு, வாளாவிருத்தல் குற்றமின்மையாகாது.

இனி, உரைப்பாரை மட்டும் நோவது நடுவன்று. மனுச்சோழர் வாயிலில் ஆராய்ச்சிமணி தூங்கினமையாலன்றோ வாயில்லாப் பசுவும் முறையிட்டது? மணியை நாற்றுவதும் அதனை இழுத்தாரைக் காப்பதும் தலைமை பூண்டார் கடன்; மணியை இழுப்பது கண்டார் கடன். இவ்விரு கடனும் வழுவாது நிகழத் திருவருள் முன்னிற்க.